ஜோக்கர் சிரிப்பு வந்த வழி

சுண்ணாம்பு பூசியது போன்ற முகம், பச்சை முடி, காதுவரை நீளும் சிரிப்பு. பழைய பேட்மேன் காமிக்ஸைப் புரட்டியவர்கள் ஜோக்கரை மறக்கவே முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு முதலில் ஒரு வில்லனுடையது அல்ல. நினைத்தாலும் சிரிப்பை நிறுத்த முடியாத ஓர் அப்பாவிப் பையனுடையது.

மூன்றாம் நெப்போலியனை எதிர்த்து பிரான்ஸை விட்டு வெளியேறிய விக்டர் ஹ்யூகோ, கெர்ன்சி தீவில் வாழ்ந்த காலத்தில், 1869-ல் 'சிரிக்கும் மனிதன்' நாவலை வெளியிட்டார். குழந்தைகளை வாங்கி, உருச்சிதைத்து, வேடிக்கைப் பொருளாக விற்கும் கும்பல் க்வின்பிளேன் என்ற சிறுவனின் வாயைக் கிழித்துவிடுகிறது. வளர்ந்து கூத்தாடியானவனைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. அவனை நேசிக்கும் டியாவுக்கோ கண் தெரியாது. நெஞ்சைப் பிசையும் கதை அது.

கூனன் ஒருவனைப் பற்றிய ஹ்யூகோவின் வேறொரு நாவலை 1923-ல் படமாக்கி வசூலை அள்ளியிருந்தது யுனிவர்சல் நிறுவனம். அதே ருசியில் இந்த நாவலையும் கையில் எடுத்தது. இயக்குநர் பால் லெனி, நாயகன் கான்ராட் ஃபைட் இருவருமே ஜெர்மானியர்கள். உதடுகளை இழுத்துப் பிடிக்கும் கருவியை வாயில் மாட்டிக்கொண்டு ஃபைட் நடித்தார். அதோடு பேசுவது பெரும்பாடு; நல்லவேளையாக, 1928-ல் வந்த அந்தப் படத்தில் நடிகர்கள் பேச வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கிளை சீட்டுக்கட்டிலிருந்து வந்தது. யூக்கர் என்ற ஆட்டத்துக்கு எல்லாவற்றையும் வெல்லும் சீட்டு ஒன்று வேண்டுமென்று 1860-களில் அமெரிக்கர்கள் சேர்த்துக்கொண்டதுதான் ஜோக்கர். நம் ரம்மியிலும் அவன்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டு கிளைகளும் 1940-ல் நியூயார்க்கில் சேர்ந்தன. பேட்மேன் முதல் இதழுக்கு வில்லன் தேவைப்பட்டபோது, பதின்வயது தாண்டாத ஓவியர் ஜெர்ரி ராபின்சன் ஜோக்கர் சீட்டைக் காட்டினார். எழுத்தாளர் பில் ஃபிங்கர், ஃபைட்டின் புகைப்படத்தைக் கொண்டுவந்தார். எது முந்தியது என்பதில் பேட்மேன் ஓவியர் பாப் கேனும் ராபின்சனும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. என் பார்வையில் அந்தப் புகைப்படம்தான் பெரிது. சீட்டு பெயரைத் தந்தது, படம் உயிரைத் தந்தது. அந்த உயிரும் முதல் இதழிலேயே போயிருக்கும். ஜோக்கர் கத்திக்குத்தில் சாவதாகத்தான் கதை. ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் விடவில்லை. அவன் பிழைத்துக்கொண்டான் என்று அவசரமாக ஒரு கட்டம் வரைந்து சேர்த்தார்கள்.

1966-ல் தொலைக்காட்சித் தொடரில் ஜோக்கராக வந்த சீசர் ரொமேரோ, மீசையை எடுக்க மறுத்துவிட்டார். அதன்மேலேயே வெள்ளைப் பூச்சைப் பூசினார்கள். நெருக்கக் காட்சிகளில் உற்றுப் பார்த்தால் மீசை இன்றும் தெரிகிறது.