ஸ்டீபன் லாசரெவிச்

ஸ்டீபன் லாசரெவிச் (சுமார் 1377 – சூலை 19, 1427) என்பவர் நடுக்காலச் செர்பியாவை ஆண்ட மன்னரும் எழுத்தாளரும் ஆவார். இவர் 1389 முதல் 1402 வரை இளவரசராகவும், 1402 முதல் இறக்கும் வரை டெஸ்பாட் என்ற பைசாந்தியப் பட்டத்துடனும் ஆட்சி புரிந்தார். தந்தையின் இறப்புக்குக் காரணமான ஓட்டோமான் பேரரசுக்கே திறை செலுத்தி, அதன் போர்களில் படைநடத்திய இவர், அப்பேரரசு நிலைகுலைந்தபோது தமது நாட்டை மீட்டுக் கட்டியெழுப்பினார். செர்பியர் இவரை "உயர்ந்தவர்" என்னும் பொருள்படும் அடைமொழியுடன் அழைக்கின்றனர்.

இளமை

ஸ்டீபன், மொராவா ஆற்றுப் பகுதியை ஆண்ட இளவரசர் லாசருக்கும் மிலிச்சாவுக்கும் மகனாக, லாசரின் தலைநகரான குருசெவாக்கில் பிறந்தார். 1371 ஆம் ஆண்டு மாரிட்சா ஆற்றங்கரைப் போருக்குப் பின்னர் தென்பகுதிச் செர்பியச் சிற்றரசர்கள் பலரும் ஓட்டோமான்களுக்குக் கீழ்ப்பட்டிருந்தனர். லாசர் அவர்களை எதிர்த்து நின்றார். சூன் 15, 1389 அன்று நடைபெற்ற கோசோவோ போரில் லாசரும் ஓட்டோமான் சுல்தான் முதலாம் முராத்தும் உயிரிழந்தனர். முராத்தின் மகன் பயாசித் புதிய சுல்தான் ஆனார்.

அப்போது ஸ்டீபனுக்கு ஏறத்தாழ 12 வயது. ஆகவே, தாய் மிலிச்சா அவர் சார்பில் 1393 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். வடக்கே அங்கேரியும் தெற்கே ஓட்டோமான்களும் நெருக்கிய நிலையில், மிலிச்சா சுல்தானின் மேலாண்மையை ஏற்றுக்கொண்டார். திறை செலுத்துவதும், சுல்தான் அழைக்கும்போது படையுடன் செல்வதும் இதன் நிபந்தனைகள் ஆகும். ஸ்டீபனின் சகோதரி ஒலிவெரா பயாசித்துக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். ஸ்டீபன் உரிய வயதை அடைந்த பின்னர் மிலிச்சா துறவு பூண்டார்.

சுல்தானின் படையில்

1395 ஆம் ஆண்டு வாலாக்கியாவின் மன்னர் மிர்ச்சாவுக்கு எதிராக நடந்த ரோவினே போரில் ஸ்டீபன் பயாசித்தின் பக்கம் நின்று போரிட்டார். அதே பக்கம் போரிட்ட மார்கோ, கான்ஸ்டன்டின் தெயனோவிச் ஆகிய இரு செர்பியச் சிற்றரசர்கள் அப்போரில் மாண்டனர்.

செப்டம்பர் 25, 1396 அன்று நிக்கோபோலிஸ் நகருக்கு அருகே அங்கேரி மன்னர் சிகிஸ்மண்ட் தலைமையிலான சிலுவைப் படையை பயாசித் எதிர்கொண்டார். பிரெஞ்சு வீரர்கள் முறியடிக்கப்பட்ட பின்னரும் அங்கேரியப் படை தாக்குப்பிடித்து நின்றது. அத்தறுவாயில் ஸ்டீபனின் கவசக் குதிரைப்படை தாக்கியதே போரின் முடிவைத் தீர்மானித்தது. இப்போரில் சிறைபட்ட பவேரிய வீரர் சில்ட்பெர்கர், செர்பியரின் இப்பங்கைத் தமது நூலில் பதிவு செய்துள்ளார்.

இவ்வாறு உழைத்தும் சுல்தானின் ஐயம் நீங்கவில்லை. 1398 இல் ஸ்டீபன் அங்கேரியருடன் தொடர்பு கொண்டுள்ளதாகச் செர்பியப் பிரபுக்கள் சிலர் பயாசித்திடம் குற்றஞ்சாட்டினர். மிலிச்சாவும், புலமை மிக்க துறவி எபீமியாவும் பயாசித்தின் அவைக்குச் சென்று ஸ்டீபனுக்காகப் பரிந்து பேசினர்.

அங்காரா போரும் அதன் பின்னரும்

சூலை 28, 1402 அன்று நடந்த அங்காரா போரில் தைமூர், பயாசித்தைத் தோற்கடித்துச் சிறைப்பிடித்தார். ஓட்டோமான் படையின் பல பிரிவுகள் கலைந்தோடியபோதும், செர்பியக் குதிரைப்படை உறுதியுடன் போரிட்டது. பின்னர் ஸ்டீபன், பயாசித்தின் மகன் சுலைமானுடன் களத்திலிருந்து வெளியேறினார். தைமூரிடம் சிறைபட்ட ஒலிவெரா பிற்பாடு விடுதலையடைந்தார்.

நாடு திரும்பும் வழியில் ஸ்டீபன் கான்ஸ்டாண்டினோபிளில் தங்கினார். அங்கு பேரரசர் இரண்டாம் மனுவேலுக்குப் பதிலாக ஆட்சி செய்த ஏழாம் யோவான் அவருக்கு டெஸ்பாட் பட்டத்தை வழங்கினார். 1402 நவம்பரில் கிராச்சனிட்சா அருகே திரிபோலியே என்னுமிடத்தில், தம்மை எதிர்த்த சகோதரி மகன் ஜூராஜ் பிராங்கோவிச்சின் தரப்பை ஸ்டீபன் வென்றார்.

பின்னர், நிக்கோபோலிசில் தாம் எதிர்த்துப் போரிட்ட சிகிஸ்மண்டுடன் ஸ்டீபன் உடன்படிக்கை செய்துகொண்டு அவருடைய மேலாண்மையை ஏற்றார். இதற்கு ஈடாக பெல்கிரேடு நகரும் மாச்வா பகுதியும் அவருக்குக் கிடைத்தன. 1408 இல் சிகிஸ்மண்ட் நிறுவிய டிராகன் அணியின் முதல் உறுப்பினர்களுள் இவரும் ஒருவர்.

பயாசித்தின் மகன்களிடையே எழுந்த வாரிசுரிமைப் போர் ஸ்டீபனின் குடும்பத்தையும் பிளவுபடுத்தியது. நாட்டில் பங்கு கேட்ட தம்பி வூக், சுலைமானின் துணையுடன் தென்பகுதியைப் பெற்றார். 1410 இல் வூக், சுலைமானின் போட்டியாளரான மூசாவால் கொல்லப்பட்டார். ஸ்டீபன் முதலில் மூசாவை ஆதரித்து, பின்னர் அவருக்கு எதிராக முகமதுவுக்குத் துணை நின்றார். 1413 இல் முகமது வென்று சுல்தான் ஆனதால், செர்பியாவுக்குச் சில ஆண்டுகள் அமைதி கிடைத்தது. 1421 இல் மற்றொரு சகோதரி மகனான மூன்றாம் பால்சாவிடமிருந்து சேத்தா பகுதியும் ஸ்டீபனுக்கு வந்து சேர்ந்தது.

ஆட்சியும் பண்பாட்டுப் பணிகளும்

ஸ்டீபன் பெல்கிரேடைத் தமது தலைநகராக்கினார். பாழடைந்திருந்த அந்நகரில் கோட்டையும் தேவாலயங்களும் மருத்துவமனையும் அமைத்தார். பெல்கிரேடு செர்பியத் தலைநகராக விளங்கியது இதுவே முதன்முறை.

நாட்டின் வருவாய்க்கு வெள்ளிச் சுரங்கங்கள் அடிப்படையாக இருந்தன. 1412 இல் ஸ்டீபன் இயற்றிய சுரங்கச் சட்டம், நோவோ பிர்தோ சுரங்க நகரின் வழக்கங்களை முறைப்படுத்தியது. இச்சட்டத்தின் பிற்காலப் படி கிடைத்துள்ளது.

1407 முதல் 1418 வரை கட்டப்பட்ட ரெசாவா மடாலயம் (இன்றைய மனாசியா) 11 கோபுரங்கள் கொண்ட மதிலால் சூழப்பட்டது. இங்கு நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டும் படியெடுக்கப்பட்டும் வந்தன. இம்மரபு "ரெசாவா பள்ளி" என அழைக்கப்படுகிறது. ஓட்டோமான்களிடமிருந்து தப்பிவந்த பல்கேரிய, பைசாந்திய அறிஞர்களுக்கும் ஸ்டீபன் புகலிடம் அளித்தார். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவரான மெய்யியலாளர் கான்ஸ்டன்டின் பின்னாளில் ஸ்டீபனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

ஸ்டீபன் எழுதிய "அன்பின் சொல்" என்ற கவிதை வடிவ மடல், நடுக்காலச் செர்பிய இலக்கியத்தின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கோசோவோ போர்க்களத்தில் நாட்டப்பட்ட தூணின் கல்வெட்டு வாசகமும் இவருடையது என்று கருதப்படுகிறது.

இறப்பும் வாரிசும்

ஸ்டீபன் 1405 இல் லெஸ்போஸ் தீவை ஆண்ட பிரான்செஸ்கோ கத்திலூசியோவின் மகள் எலேனாவை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆதலால், முன்பு தம்முடன் போரிட்ட ஜூராஜ் பிராங்கோவிச்சையே வாரிசாக அறிவித்தார். சிகிஸ்மண்ட் 1426 இல் இதனை ஏற்றுக்கொண்டார். எனினும் ஸ்டீபனுக்குப் பின் பெல்கிரேடு அங்கேரிக்குத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை.

சூலை 19, 1427 அன்று ஸ்டீபன் திடீரென இறந்தார். பெல்கிரேடு அங்கேரியிடம் ஒப்படைக்கப்பட்டது. டானூப் கரையிலுள்ள கோலுபாத்சு கோட்டை ஓட்டோமான்கள் வசமானது. தலைநகரை இழந்த ஜூராஜ், சுமெதெரெவோவில் புதிய கோட்டை நகரைக் கட்டினார். அந்நகர் 1459 இல் வீழ்ந்ததுடன் செர்பிய டெஸ்பாட் அரசு முடிவுக்கு வந்தது. பெல்கிரேடு 1521 இல் ஓட்டோமான்களிடம் வீழ்ந்தது.

செர்பிய மரபுவழித் திருச்சபை 1927 இல் ஸ்டீபனைப் புனிதராக அறிவித்தது. செர்பிய வாய்மொழிக் காவியங்களில் களத்தில் மாண்ட லாசருக்கும், சுல்தானுக்காகப் போரிட்டு இறந்த மார்கோவுக்கும் கிடைத்த இடம் இவருக்குக் கிடைக்கவில்லை. இவரது நினைவு பெரும்பாலும் நூல்கள், சட்டம், கட்டடங்கள் ஆகியவற்றின் வழியாகவே நிலைத்துள்ளது.