வலையில் சிக்கும் 'கடற்பஞ்சு' செடியா, விலங்கா? வகை பிரிப்பது ஏன் முக்கியம்?

காசிமேட்டில் விசைப்படகு வலையைக் கொட்டும்போது பார்த்திருக்கிறீர்களா? மீன், இறால், நண்டு எல்லாம் தனித்தனியாகப் போன பிறகு, உடைந்த சங்கு, பாசியோடு ஆரஞ்சு, மஞ்சள், கறுப்பு நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ மிஞ்சிக் கிடக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் நாற்றம் எடுக்கும். விலை போகாது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. இவற்றில் பல கடற்பஞ்சுகள்.

கொருக்குப்பேட்டையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடலில் வாழும் உயிர் இது. ஆனால் நம்மில் பலருக்கு இது செடியா, விலங்கா என்பதே தெரியாது.

விலங்குதான், ஆனால் வாய் கிடையாது

வாய், வயிறு, இதயம், நரம்பு, மூளை எதுவுமே கிடையாது. ஒருமுறை பாறையிலோ சிப்பியிலோ ஒட்டிக்கொண்டால் அங்கேயே வாழ்க்கை முடிந்துவிடும். உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன துளைகள். அவற்றின் வழியே கடல்நீரை உள்ளே இழுத்து, அதில் உள்ள பாக்டீரியா, நுண்துகள்களைத் தின்றுவிட்டு, பெரிய துளை வழியாக நீரை வெளியே தள்ளும். அதனால்தான் பாடப்புத்தகத்தில் 'துளையுடலிகள்' என்று பெயர். ஒரு கிலோ கடற்பஞ்சு ஒரு நாளில் 24,000 லிட்டர் வரை வடிகட்டும் என்கிறது ஒரு கணக்கு. பெரிய தண்ணீர் லாரி இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

(பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் இதுவா என்றால், இல்லை. அது பெரும்பாலும் பிளாஸ்டிக். உடம்பு தேய்க்கும் நார் பீர்க்கங்காய். உண்மையான குளியல் கடற்பஞ்சு மத்திய தரைக்கடல் பக்கம் எடுக்கப்பட்டது.)

எத்தனை வகை, எப்படிப் பிரிக்கிறார்கள்?

உலகம் முழுக்க இதுவரை 9,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிப்பதுதான் தலைவலி. ஒரே இனம் அலை அடிக்கும் இடத்தில் தட்டையாகவும், அமைதியான இடத்தில் குழாய் மாதிரியும் வளரும். நிறமும் மாறும். கண்ணால் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

அதனால் ஆய்வாளர்கள் எலும்புக்கூட்டைப் பார்க்கிறார்கள். பல கடற்பஞ்சுகளின் உடம்புக்குள் ஊசி, நட்சத்திரம், நங்கூரம் மாதிரி நுண்முட்கள் இருக்கும். அவை கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவால் ஆனவையா, சுண்ணாம்பால் ஆனவையா என்பது முதல் கேள்வி. அமிலம் பட்டால் சுண்ணாம்பு முள் பொங்கிக் கரைந்துவிடும், சிலிக்கா முள் அப்படியே நிற்கும். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்து முள்ளின் வடிவத்தைப் பார்ப்பார்கள்.

இப்படிப் பிரித்தால் 4 வகுப்புகள். 80 சதவீதத்துக்கும் மேல் டெமோஸ்பாஞ்சியே வகுப்புதான். நம் வெப்பக் கடல் கரையோரங்களில் அதிகம் கிடைப்பதும் இதுவே. சுண்ணாம்பு முள் உள்ளவை கால்கேரியா, பெரும்பாலும் சிறியவை. ஆறு கதிர் கொண்ட கண்ணாடி முள் இருந்தால் ஹெக்ஸாக்டினெல்லிடா, ஆழ்கடல்வாசி. நான்காவது ஹோமோஸ்கிளெரோமார்ஃபா. மரபணு ஆய்வுக்குப் பிறகு 2012-ல்தான் இதைத் தனி வகுப்பாக்கினார்கள். பள்ளியில் 3 வகுப்பு என்று படித்தவர்கள் குழம்ப வேண்டாம்!

சென்னைக் கடலில் இருந்து லண்டனுக்கு

எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885-ல் வந்தவர் எட்கர் தர்ஸ்டன். 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' எழுதிய அதே தர்ஸ்டன்தான். மெட்ராஸ் கடற்பகுதியில் கிடைத்த கடற்பஞ்சுகளைச் சேகரித்தார். லண்டனில் ஆர்தர் டெண்டி என்ற இளம் ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து, 1887-ல் 'மெட்ராஸின் கடற்பஞ்சு இனங்கள்' என்ற கட்டுரையை வெளியிட்டார். அடுத்து 1889-ல் மன்னார் வளைகுடா தொகுப்பு வந்தது. 1905-ல் இலங்கை முத்துக்குளிப்பு பற்றிய அரசு அறிக்கைக்கும் டெண்டிதான் கடற்பஞ்சுப் பகுதியை எழுதினார்.

முத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கிளியோனா என்ற கடற்பஞ்சு சிப்பி ஓட்டைத் துளைத்து உள்ளேயே குடியேறிவிடும். சங்கையும் பவளத்தையும்கூட விடாது. பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.ஏ.தாமஸ் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். மன்னார் வளைகுடா, பாக் நீரிணையில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் 'சைட்டராபின்' மருந்துக்கு வழிகாட்டியது கரீபியன் கடற்பஞ்சு ஒன்று. அதுவும் டெமோஸ்பாஞ்சியே. பவளப் பாறை மேல் கருப்புப் போர்வை மாதிரி படர்ந்து அதைக் கொல்லும் 'டெர்பியோஸ்' பாக் நீரிணையில் பரவியதாக 2015-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதுவும் அதே வகுப்புதான். மருந்து தருவதும் பவளத்தைக் கொல்வதும் ஒரே வகுப்பில் இருக்கும்போது, இனம் வரைக்கும் பிரித்தாக வேண்டும்.

சட்டத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. 2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது அட்டவணையில் கடற்பஞ்சைச் சேர்த்தபோது, கால்கேரியா வகுப்பை மட்டும்தான் சேர்த்தார்கள். நம் வலையில் பெரும்பாலும் சிக்குவது டெமோஸ்பாஞ்சியே. எது எது என்று கரையில் நின்று யார் அமிலம் ஊற்றிப் பார்ப்பது?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. வடசென்னைக்கு அப்படி எதுவும் இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. மீன் என்றால் நீந்தித் தப்பிக்கப் பார்க்கும். நீரை உறிஞ்சியே உயிர் வாழும் இது எங்கே போகும்? சேறு அதிகமானாலே துளைகள் அடைத்துக்கொள்ளும்.

கரையில் ஒதுங்கிய கடற்பஞ்சைப் பார்த்தால் வெறுங்கையால் கசக்காதீங்க. சில வகைகளின் முள் தோலில் ஏறி அரிப்பு எடுக்கும். பிள்ளைகள் கையில் எடுத்திருந்தால் கண்ணைத் தேய்க்க விடாமல் முதலில் கையைக் கழுவச் சொல்லுங்க.