நீலத் துணி போன பாதை

விழுப்புரத்தில் வண்டி மாறிப் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையை நினைத்துக்கொண்டு போவார்கள். எனக்கு நினைவு வருவது ஒரு நீலத் துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதற்குக் 'கினே' என்று பெயர் வைத்தார்கள்.

நூலும் தறியும் கிராமத்து நெசவாளருடையவை. சாயம், தென்னார்க்காடு ஜில்லாவில் விளைந்த அவுரி. விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. செடியை அறுத்துத் தொட்டியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கி, அடியில் படியும் வண்டலைக் காயவைத்துக் கட்டியாக்குவார்கள். சாயத்தில் முக்கி எடுத்த துணி முதலில் பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும்! கருநீலம் ஏறும்வரை முக்குவதும் உலர்த்துவதுமாக வேலை நடக்கும்.

கம்பெனிக்காரன் நெசவாளனோடு நேரே பேசுவதில்லை. வர்த்தகருக்கு முன்பணம் கொடுப்பான். வர்த்தகர் நெசவாளனுக்குக் கொடுப்பார். விலையும் தரமும் கிடங்கில் முடிவாகும். வந்த துணியை மாதிரியோடு ஒத்துப் பார்த்துத் தேறாததைத் தள்ளிவிடுவார்கள். தள்ளிய துணி போக, வாங்கிய பணம் கடனாக நிற்கும். நெய்தவனுக்கு அந்தக் கிடங்கில் என்ன பேச்சு இருக்கிறது? 1736 முதல் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பை நாம் டூப்ளேயின் அரசியலுக்காகப் படிக்கிறோம். பிள்ளை துணி வியாபாரி என்பது மறந்தே போகிறது.

இந்தத் துணி போன இடம் ஆப்பிரிக்காவின் செனகல் நதிக்கரை. பாலைவனத்து மூர்கள் அதை விரும்பி உடுத்தினார்கள். அங்கே அது பணமாகவும் செலாவணியாயிற்று. துணியைக் கொடுத்து, வேல மரத்துப் பிசினை வாங்கினார்கள் பிரெஞ்சு வியாபாரிகள். பிசின் எதற்கு? ஐரோப்பாவில் சீட்டித் துணிக்கு அச்சடிக்கும்போது சாயம் பரவாமல் கெட்டியாக நிற்பதற்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படிப்பட்ட சீமைச் சீட்டிகள் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கின. நம்மூர்த் தறியில் நெய்த துணி கொண்டுவந்த பிசின், நம்மூர்த் தறிக்கே போட்டியாகத் திரும்பி வந்தது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

1820களின் இறுதியில் புதுச்சேரியில் ஆலை வந்தது. நீலத் துணியை இயந்திரமும் நெய்யத் தொடங்கிற்று. 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் கடைக்கு வந்ததும், தென்னார்க்காட்டு அவுரி வயல்கள் வேறு பயிருக்கு மாறின. மறு வருஷம் ஆங்கிலோ பிரெஞ்சு மில் தோன்றியது. ஆலைத் தொழிலாளர் உரிமை கேட்டபோது, 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு பேர் சுடப்பட்டு மாண்டார்கள். எட்டு மணி நேர வேலை அதற்குப் பிறகுதான் கிடைத்தது. பழைய ஆலைகளும் 2020இல் மூடப்பட்டன.

திண்டிவனத்துப் பக்கம் சில வயல்களில் இன்றும் அவுரி நிற்கிறது. இயற்கைச் சாயம் கேட்கும் வெளிநாட்டாருக்காக மறுபடி தொட்டியில் ஊறுகிறது.