முதுமை மறதியும் வக்ஃபு மரபும்

அறிந்திருந்த யாவும் மறந்துபோகும் தள்ளாத பருவத்தைத் திருக்குர்ஆன் இரண்டு இடங்களில் (16:70, 22:5) சுட்டுகிறது. அறிவு நீங்கியவர்மீது தொழுகை, நோன்பு ஆகிய கடமைகள் இல்லை என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் முடிவு. ஆயினும், அவரைப் பேணும் கடமை நீங்குவதில்லை. அது உறவினர்மீதும் சமுதாயத்தின்மீதும் வந்து சேர்கிறது.

முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் நிறுவிய மன்ஸூரி மருத்துவமனையில் அறிவு பிறழ்ந்தோருக்கும் தனியிடம் இருந்தது. செலவை வக்ஃபுச் சொத்துகளின் வருவாய் தாங்கிற்று. பிணியாளரைப் பேணுதல் வீட்டாரின் தலைச்சுமை மட்டுமன்று, பொதுக்கடனுமாகும் என்பதே அம்மரபு.

இன்று அக்கடன் பெருகியுள்ளது. 60 வயது கடந்த இந்தியருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோய்க்கு ஆளானவர்கள் என 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அண்டை மாநிலமான கேரளத்தில் அல்சைமர் நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் துணைநிற்க 1992இலேயே ஒரு சங்கம் தோன்றிவிட்டது.

மதுரையில் காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் நெடுங்கால மஹல்லாக்கள் உள்ளன. "அஸர் தொழுதுவிட்டேனா?" என்று ஓயாது வினவும் தந்தைக்குப் பொறுமையோடு விடையிறுக்கும் மகளுக்கு, வாரத்தில் ஒரு பிற்பகலேனும் ஓய்வு கிடைக்கச் செய்வது ஜமாஅத்தின் கடமையன்றோ?