ஒரு வீடு, நாலு டிவி, ஒரே பதிவு: அறை தாண்டிய தொலைக்காட்சியின் கதை

ஹாலில் பதிவு செய்த படத்தைப் படுக்கையறை டிவியில் பார்க்க முடியுமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் "தாராளமாகப் பார்க்கலாம்" என்று பதில் சொன்ன ஒரு கம்பெனி, அதோடு நிற்காமல் இன்னும் இரண்டு படி தாண்டிப் போய் வழக்கில் மாட்டி, வழக்கு முடிவதற்கு முன்பே திவாலாகிப் போனது. அந்தக் கதையைப் புரிந்துகொள்ள வீடியோ கேசட் காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சோனி நிறுவனம் 1975-ல் பீட்டாமேக்ஸ் ரெக்கார்டரைக் கொண்டு வந்தது. மறு வருடமே யுனிவர்சல், டிஸ்னி ஆகிய இரண்டு ஸ்டுடியோக்களும் வழக்குப் போட்டன. வீட்டில் உட்கார்ந்து டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்வது காப்புரிமை மீறல் என்பது அவர்கள் வாதம். ஏழு வருடத்துக்கும் மேலான இழுபறிக்குப் பின், 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பதிவு செய்துவைத்து வீட்டில் பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடு என்றது தீர்ப்பு. ஒரே ஒரு நீதிபதி மாற்றி யோசித்திருந்தால் கதையே வேறு!

அந்தத் தீர்ப்பு நேரத்தைப் பற்றித்தான் பேசியது, இடத்தைப் பற்றி அல்ல. அதற்கு அப்போது தேவையும் இருக்கவில்லை. கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனால் முடிந்தது வேலை. அங்கே ஒரு விசிஆர் இருந்தால் போதும்.

சிக்கலைக் கொண்டுவந்தது ஹார்ட் டிஸ்க். 1999-ல் டிவோ, ரீப்ளே டிவி என்று இரண்டு பெட்டிகள் சந்தைக்கு வந்தன. நேரலையை நடுவில் நிறுத்தலாம், வாராவாரம் வரும் தொடரைத் தானாகப் பதிவு செய்யலாம். எல்லாம் சரி, ஆனால் பதிவு பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. கேசட்டைப் போல உருவித் தூக்கிக்கொண்டு போக முடியாது. தொழில்நுட்பம் ஒரு படி முன்னேறியதில் வீட்டுக்காரர் ஒரு வசதியை இழந்திருந்தார். அதைத் திரும்பக் கொடுக்க ஒரே வழி, பெட்டிகளைக் கம்பியால் இணைப்பது.

2001 கடைசியில் சோனிக்ப்ளூ நிறுவனம் வெளியிட்ட ரீப்ளே டிவி 4000 அதைத்தான் செய்தது. பெட்டியின் பின்னால் ஒரு ஈதர்நெட் துளை. வீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தால் ஒன்றில் உள்ளதை மற்றொன்றில் நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். கூடவே இரண்டு வசதிகள்: விளம்பரங்களைத் தானாகத் தாண்டுவது ஒன்று, பதிவை இணையம் வழியாக வேறொரு ரீப்ளே டிவி வைத்திருப்பவருக்கு அனுப்புவது இன்னொன்று.

பெட்டி கடைக்கு வருவதற்கு முன்பே வழக்கு வந்துவிட்டது. பெரிய டிவி நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் வரிசையாக நின்றன. விளம்பரத்தைத் தாண்டிப் போவது திருட்டுக்குச் சமம் என்று 2002-ல் ஒரு பேட்டியில் சொன்னார் டர்னர் நிறுவனத்தின் தலைவர் ஜேமி கெல்னர். பாத்ரூம் போவதற்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டாம்! அதே வருடம் ஒரு நீதிமன்ற உத்தரவு இன்னும் ஒரு படி மேலே போனது. எந்த வீட்டில் எதைப் பார்க்கிறார்கள், எந்த விளம்பரத்தைத் தாண்டுகிறார்கள் என்று கண்காணிக்கும் மென்பொருளை எழுதி, அந்த விவரங்களைத் திரட்டி எதிர்த்தரப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. நல்லவேளையாக, சில வாரங்களில் மேல்நிலை நீதிபதி அதை ரத்து செய்தார்.

பயனாளர்களும் சும்மா இருக்கவில்லை. கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தைத் தொடங்கிய கிரெய்க் நியூமார்க் உட்பட ஐந்து பேர், தாங்கள் பெட்டியைப் பயன்படுத்துவது சட்டப்படி சரிதான் என்று அறிவிக்கக் கோரி அவர்களாகவே வழக்குப் போட்டார்கள். ஆனால் 2003 மார்ச்சில் கடன் சுமை தாங்காமல் சோனிக்ப்ளூ திவால் மனு கொடுத்தது. ரீப்ளே டிவியை வாங்கிய டி அண்டு எம் ஹோல்டிங்ஸ், புதிய மாடலில் விளம்பரத் தாண்டலையும் இணையம் வழி அனுப்புவதையும் நீக்கிவிட்டது. வீட்டுக்குள் அறைக்கு அறை ஓட்டும் வசதி மட்டும் தப்பியது. அந்த ஐவர் மீது வழக்குத் தொடர மாட்டோம் என்று ஸ்டுடியோக்கள் உறுதி கொடுக்க, 2004-ல் வழக்கு தள்ளுபடியானது. கேட்ட கேள்விக்குத் தீர்ப்பே வரவில்லை.

டிவோ அமைதியான வழியில் போனது. 2003 ஏப்ரலில் வந்த அதன் 'ஹோம் மீடியா ஆப்ஷன்' முதல் பெட்டிக்கு 99 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 49 டாலர். ஒரு பெட்டியின் பதிவை அடுத்த பெட்டிக்கு நகலெடுக்கும் ஏற்பாடு அது. பெட்டிகள் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். இணையத்துக்கு அனுப்பும் பேச்சே கிடையாது. அடுத்த வருடம் அதுவும் இலவசமானது.

இங்கே கொஞ்சம் கணக்கும் பார்க்க வேண்டும். அன்றைய வைஃபையின் வேகம் பெட்டி மேல் எழுதியபடி வினாடிக்கு 11 மெகாபிட். கைக்குக் கிடைப்பதோ அதில் பாதிதான். டிவிடி தரத்திலான படத்துக்கே வினாடிக்கு 4 முதல் 8 மெகாபிட் வேண்டும். நடுவில் ஒரு சுவர், பக்கத்தில் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் படம் திக்கித் திணறும். அதனால்தான் பலரும் சுவரைத் துளைத்து 100 மெகாபிட் ஈதர்நெட் கம்பி இழுத்தார்கள். 2004-ல் உருவான மோக்கா கூட்டமைப்பு வேறு வழி பார்த்தது. அமெரிக்க வீடுகளில் அறைக்கு அறை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கேபிள் டிவி கம்பியையே நெட்வொர்க்காக மாற்றியது. சுவரும் தப்பியது.

ஆனால் கம்பியை விடப் பெரிய ஆபத்து சட்டத்தில் காத்திருந்தது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2003 நவம்பரில் 'பிராட்காஸ்ட் ஃபிளாக்' என்ற விதியைக் கொண்டு வந்தது. டிஜிட்டல் ஒளிபரப்போடு ஒரு அடையாளக் குறி சேர்ந்து வரும். அனுமதி பெற்ற கருவிகள் மட்டுமே அந்தப் பதிவைக் கையாளலாம். 2005 ஜூலை முதல் விற்கும் எல்லா டிஜிட்டல் டிவி கருவிகளுக்கும் இது கட்டாயம். வீட்டில் கணினியை வைத்துச் சொந்தமாகப் பதிவுப்பெட்டி கட்டுபவர்களின் கதி என்ன, யோசித்துப் பாருங்கள். எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முன்னால் நின்றது யார் தெரியுமா? அமெரிக்க நூலகச் சங்கம்! ஒளிபரப்பு வந்து சேர்ந்த பிறகு வீட்டுக்குள் நடப்பதைக் கட்டுப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2005 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அமலுக்கு வர இரண்டே மாதம் பாக்கி இருந்தது.

அதன் பிறகு பாதை அகலமானது. 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360, விண்டோஸ் மீடியா சென்டர் கணினியில் பதிவானதை அடுத்த அறையில் காட்டியது. பழைய எக்ஸ்பாக்ஸுக்காக ஆர்வலர்கள் எழுதிய மென்பொருளிலிருந்து 2008-ல் ப்ளெக்ஸ் கிளைத்தது. மூலம் 2014-ல் கோடி என்று பெயர் மாறியது. 2012-ல் டிஷ் நிறுவனம் ஹாப்பர் என்ற தாய்ப்பெட்டியையும் ஜோயி என்ற குட்டிப்பெட்டிகளையும் கொண்டு வந்தது. ஹாலில் கங்காரு, படுக்கையறைகளில் குட்டிகள். அதிலும் விளம்பரத் தாண்டல் இருந்தது, அதற்கும் வழக்கு வந்தது!

இன்னொரு பக்கம், கேபிள்விஷன் நிறுவனம் பதிவுப்பெட்டியை வீட்டிலிருந்து எடுத்துத் தன் கட்டடத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டது. 2008-ல் மேல்முறையீட்டில் ஜெயித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. பிறகு வந்த ஸ்ட்ரீமிங் சேவைகளில் பதிவு என்ற பேச்சே குறைந்துபோனது. எந்த அறையிலும், எந்தத் திரையிலும் படம் ஓடும். ஒரு கம்பியும் இழுக்க வேண்டாம்.

ஆனால் அலமாரியில் இருந்த கேசட்டை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. சேவையிலிருந்து ஒரு படம் நீக்கப்பட்டால் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் காணாமல் போகிறது. ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் வழி கிடைத்துவிட்டது. பதிவுதான் வீட்டை விட்டுப் போய்விட்டது.