கம்பியின் மின்தடைக் காரணிகள் – கண்டறியப்பட்ட வரலாறு

ஒரு கம்பியின் மின்தடை அதன் நீளம், குறுக்குவெட்டுப் பரப்பு, பொருளின் தன்மை, வெப்பநிலை ஆகிய நான்கையும் பொறுத்தது. பாடநூலில் ஒரே வரியில் அடங்கும் இச்செய்தி தெளிவுபெற ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

1821-இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, கம்பி நீண்டால் அதன் மின்கடத்தும் திறன் குறைவதையும், தடித்தால் கூடுவதையும், சூடேறினால் மீண்டும் குறைவதையும் கண்டார். இதற்குக் கணித வடிவம் தந்தவர், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம். அக்கால மின்கலங்களின் மின்னோட்டம் நிலையாக நிற்காததால் அவருடைய முதல் அளவீடுகள் பிழைபட்டன. எனவே, செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப மின்னிரட்டையின் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னோட்டம் பெற்றார். ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செம்புக் கம்பிகளை ஒப்பிட்டு, 1827-இல் தம் நூலை வெளியிட்டார். அதற்கு உரிய வரவேற்பு இல்லை; எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவியும் கிடைக்காததால் பள்ளிப் பணியைத் துறந்தார். 1841-இல்தான் லண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கி அவரைப் பெருமைப்படுத்தியது.

நீளம் இரு மடங்கானால் மின்தடையும் இரு மடங்காகும். விட்டம் இரு மடங்கானால் மின்தடை நான்கில் ஒரு பங்காகும். இவ்விரண்டையும் அளவுகோலால் அளந்துவிடலாம். பொருளுக்கே உரிய மின்தடை எண்ணை அவ்வாறு அளக்க இயலாது. 1857-இல் வில்லியம் தாம்சன், 'செம்பு' என ஒரே பெயரில் விற்கப்பட்ட கம்பிகள் கடத்துதிறனில் பெரிதும் வேறுபடுவதைக் கண்டறிந்தார்.

அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் தந்திக் கம்பி இடப்பட்ட காலம் அது. கம்பியின் மின்தடையும், அதன் காப்புறை மின்னூட்டத்தைத் தேக்கியதும் சேர்ந்து குறிகைகளைத் தாமதப்படுத்தின. 1858-இல் விக்டோரியா அரசியின் 98 சொல் செய்தி சென்று சேர 16 மணி நேரம் ஆயிற்று. மிகை மின்னழுத்தம் தரப்பட்டதில் காப்புறை பழுதாகி, சில வாரங்களில் அக்கம்பி செயலிழந்தது. 1866-இல் வெற்றிபெற்ற கம்பியில், ஒரு கடல் மைலுக்கான செம்பு 107 பவுண்டிலிருந்து 300 பவுண்டாக உயர்த்தப்பட்டது. செம்பின் கடத்துதிறனும் சோதிக்கப்பட்டது.

1860-களில் அகஸ்டஸ் மத்தீசன் இதனை மேலும் விளக்கினார். மின்தடை எண்ணில் ஒரு பகுதி மாசுகளால் வருவது; மற்றொரு பகுதி வெப்பநிலையோடு கூடுவது. அறை வெப்பநிலையில் செம்பின் மின்தடை, வெப்பம் 10 பாகை செல்சியசு கூடினால் ஏறத்தாழ 4 விழுக்காடு உயரும்.

1913-இல் செம்புக்கான பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்டது. 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பும் உடைய, பதப்படுத்திய செம்புக் கம்பியின் மின்தடை 20 பாகை செல்சியசில் 58-இல் ஒரு பங்கு ஓம். இந்த வரையறையில் நான்கு காரணிகளும் இடம்பெற்றிருப்பதை மாணவர்கள் கவனிக்கலாம்.