கிம்பர்லி பிளேசர்: இருமொழி தாங்கிய கவிஞர்

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்த நாட்டில் தொன்றுதொட்டு வாழ்ந்து வருபவர் அனிசினாபே மக்கள். அவர்களுள் ஒரு பெரும் பிரிவினரை ஒஜிப்வே என்றும் சிப்பேவா என்றும் அழைப்பர். அம்மக்களிடையே தோன்றி நம் காலத்தில் கவிபாடி வருபவர் கிம்பர்லி பிளேசர் அம்மையார். அவருடைய கவிதையின் பெருமையை உணரவேண்டின், முதற்கண் அவர் வளர்ந்த மண்ணின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

1867-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மினசோட்டா மாநிலத்தின் வடமேற்கில் 'ஒயிட் எர்த்' என்னும் நிலப்பகுதி அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1889-இல் வந்த நெல்சன் சட்டம், பொதுவுடைமையாயிருந்த அந்நிலத்தைத் தனித்தனிக் கூறுகளாக்கிற்று. 1906-இல் விற்பனைத் தடையும் தளர்த்தப்படவே, பெரும்பகுதி மரவணிகர்க்கும் வெள்ளைக் குடியேறிகளுக்கும் உரியதாயிற்று. நிலம் போனதோடு மொழிக்கும் கேடு வந்தது. அரசாங்கமும் சமயச் சபைகளும் நடத்திய விடுதிப் பள்ளிகளில், தாய்மொழி பேசிய பழங்குடிச் சிறார் தண்டிக்கப்பட்டனர். மொழியை வளர்க்கவேண்டிய பள்ளியே அதனைப் பறித்தது என்பது ஆசிரியராகிய நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

அம்மையார் 1955-இல் மொன்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரில் பிறந்தார். தாய்வழியில் அனிசினாபே, தந்தைவழியில் ஜெர்மானியர். வளர்ந்ததோ ஒயிட் எர்த் மண்ணில். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராய்ப் பணியாற்றினார்.

1994-இல் வெளிவந்த 'டிரெய்லிங் யூ' அவரது முதற் கவிதை நூல். 1996-இல், ஒயிட் எர்த் வழிவந்த மற்றோர் எழுத்தாளரான ஜெரால்டு வைசனோரைப் பற்றி ஆய்வு நூலொன்று வெளியிட்டார். வாய்மொழி மரபு அச்செழுத்தினுள் எங்ஙனம் உயிர்வாழ்கின்றது என்பதே அந்நூலின் பொருள். பாட்டியும் பாட்டனும் சொன்ன கதையைத் தாளில் இறக்கினால் குரல் போய்விடுமன்றோ? அதனைப் போகவிடாமற் காக்கும் வழியையே அவர் ஆராய்ந்தார். தம் கவிதையிலும் கையாண்டார். அவருடைய ஆங்கிலப் பாடல்களினூடே அனிசினாபே மொழிச் சொற்கள் இடம்பெறுகின்றன.

2002-இல் வெளிவந்த 'ஆப்சென்டி இந்தியன்ஸ்' என்னும் தொகுதியின் பெயர், ஒதுக்கீட்டு நிலத்தை விட்டு நகரங்களில் வாழ்வோரை நினைவூட்டுவது. 2007, 2019, 2024 ஆகிய ஆண்டுகளிலும் கவிதைத் தொகுதிகள் வந்தன. 2015, 2016 ஆகிய ஈராண்டுகள் அவர் விஸ்கான்சின் மாநிலத்தின் அரசவைக் கவிஞராய் விளங்கினார். பழங்குடிக் கவிஞர்களை வளர்க்கும் அமைப்பொன்றையும் நிறுவி, இளையோர்க்கு வழிகாட்டியுள்ளார்.

தாய்மொழியை ஒடுக்கப் பயன்பட்ட ஆங்கிலத்தையே, அத்தாய்மொழியின் சொற்கள் தங்கும் இடமாக்கினார் இவர். இழந்த நிலத்தைக் கவிதை மீட்டுத் தராது. ஆனால் அந்நிலத்தின் பெயரும் குரலும் அடுத்த தலைமுறையின் காதில் விழச்செய்யும். அஃது ஆசிரியர் பணியுமாகும்.